கட்டிலுக்குக் கீழே ஒரு வள்ளம்: வாசகர் கேள்வி பதில்

கனடாவின் ரொறன்ரோ நகர எல்லையில் ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் இடத்தில், மடிப்புக் கயாக் ஒன்றை (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய வள்ளம், மடித்து எடுத்துச் செல்லக்கூடியது) விரித்து வலிப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இத்தனை பேர் கடிதம் எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றுசேர்த்து ஏழு கேள்விகளாக்கி, எழுதியவரின் ஊர்ப்பெயரை மட்டும் குறித்துக் கீழே பதில் தந்திருக்கிறேன்.

ஐயா, நாங்கள் பதினான்காம் மாடியில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். நிலக்கீழ்த் தளத்தில் எங்களுக்குத் தந்திருக்கும் கூண்டறை, இரண்டு சைக்கிள்களும் குளிர்காலச் சில்லுகளும் வைத்ததோடு நிறைந்துவிட்டது. மடிக்கும் கயாக் என்று பலவிதமாக விற்கிறார்கள். எதை வாங்குவது? (ஸ்காபரோ)

மடிக்கக்கூடியது என்ற ஒரே பெயரின் கீழ்க் கடைகளில் மூன்று வேறு இனங்களை விற்கிறார்கள். காற்றடித்து நிமிர்த்துவது ஒன்று. அதைச் சுருட்டுகிறோமே தவிர மடிப்பதில்லை, அதன் குணமும் வேறு, ஆகையால் அதை இங்கே விட்டுவிடுகிறேன். இரண்டாவது, பிள்ளைகள் காகிதக் கப்பல் செய்வதைப் போல ஒரே பிளாஸ்ரிக் தகட்டை மடித்து வள்ளமாக்குவது. மூன்றாவது, அலுமினியக் குழாய்களையோ மரச் சட்டங்களையோ பொருத்தி எலும்புக்கூடு ஒன்றை நிறுத்தி, அதற்குத் துணியும் இறப்பரும் சேர்ந்த தோலைப் போர்த்துவது.

தகட்டு வகையின் கதை உங்கள் கதைதான். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அன்ரன் வில்லிஸ், சிறிய தொடர்மாடி வீடொன்றுக்குக் குடிபெயர்ந்தபோது தம்முடைய கண்ணாடியிழைக் கயாக்கை வைக்க இடமில்லாமல் போயிற்று. காகிதம் மடிக்கும் கலையைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்த அவர், முதலில் காகிதத்திலும் பிறகு பிளாஸ்ரிக்கிலும் மாதிரிகளை மடித்து மடித்துப் பார்த்தார். 2012இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி ஓரு என்ற நிறுவனத்தின் முதல் கயாக்கைக் கொண்டுவந்தார். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மடித்தல் என்று பொருள். தகடு 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரட்டைச் சுவர்ப் பொலிப்புரொப்பிலீன். தேர்தல் காலத்தில் வீட்டு முற்றங்களில் நடுகிறார்களே, அந்தப் பலகைகளை நினைத்துக்கொள்ளுங்கள். இது அவற்றிலும் தடிப்பானது, வெயிலைத் தாங்கக்கூடியது. இருபதாயிரம் தடவை மடிக்கலாம் என்று நிறுவனம் சொல்கிறது. நான் இன்னும் முந்நூறைத் தாண்டவில்லை. இவ்வகையில் சிறிய கயாக் ஒன்று ஏறக்குறைய 3 மீற்றர் நீளமும் 9 கிலோ எடையும் கொண்டது.

சட்டகமும் தோலும் கொண்ட வகைக்கு ஜேர்மனியின் கிளெப்பர் ஏரியஸ் நல்ல எடுத்துக்காட்டு. அதன் இருவர் கயாக் 5.2 மீற்றர் நீளமானது. எடை 30 கிலோவுக்கு மேல். பக்கவாட்டுத் தோலுக்குள் நீளமாக இரண்டு காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் காற்றடிக்கும்போது தோல் பறையைப் போல இறுகும், கவிழ்ந்தாலும் வள்ளம் தாழாது. அலையில் அது உடல் நெளிந்து கொடுப்பதை ஒரு தடவை தொடையின் கீழ் உணர்ந்தவர் மறக்கமாட்டார். ஆனால் அதன் விலை பல ஆயிரம் டொலர். பழகிய கைக்கே பொருத்துவதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டும்.

பதினான்காம் மாடியிலிருந்து மின்தூக்கியில் இறக்கி, ஆற்று முகத்துவாரத்திலும் குடாக்களிலும் இரண்டு மணி நேரம் வலித்துவிட்டு வீடு திரும்ப நினைக்கும் உங்களுக்கு தகட்டு வகையே போதும் என்பது என் எண்ணம். வாங்குவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு கோடை முழுவதும் கயாக்கை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். நான்கு தடவைக்கு மேல் போகவில்லையென்றால் வாங்க வேண்டாம். பிறகு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். நான் அந்த இரண்டாவது காரியத்தைச் செய்யவில்லை. என் கயாக்குப் பெட்டியின் தடிப்பு 25 சென்ரிமீற்றர், எங்கள் கட்டிலின் கீழ் இருந்த இடைவெளி 22. கட்டிலின் நான்கு கால்களுக்கும் மரக்கட்டை வைத்து உயர்த்தினேன்; அன்றுமுதல் கட்டிலில் ஏறும்போதெல்லாம் என் மனைவி வள்ளத்தில் ஏறுவதாகவே சொல்கிறார்.

பழையதை வாங்குபவர்களுக்கு ஒரு சொல். தகட்டு வகையில் மடிப்புக் கோடுகள் வெளிறி, விரலால் அழுத்தும்போது வெடிப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். வார்களையும் கொளுக்கிகளையும் எண்ணிப் பாருங்கள். தோல் வகையில், உள்ளிருக்கும் குழாய்கள் தோலை உரசும் நீளக் கோடுகளில் தேய்வு இருக்கும். வன்கூவரின் பெதர்கிராவ்ற், அமெரிக்காவின் போல்பொட் ஆகிய இரண்டு புகழ்பெற்ற நிறுவனங்களும் 2016இல் தொழிலை நிறுத்திவிட்டன. அவற்றின் கயாக்குகள் இன்றும் நல்ல விலைக்குக் கைமாறுகின்றன, நல்ல வள்ளங்களும்கூட. ஆனால் ஒரு குழாய் வளைந்தால் மாற்றுக் குழாயை நீங்களே செய்விக்க வேண்டியிருக்கும்.

அண்ணா, என்னிடம் கார் இல்லை. பஸ்ஸிலும் கோ என்ற புறநகர்ப் புகையிரதத்திலும் கொண்டுபோக முடியுமா? (மார்க்கம்)

சன நெருக்கடி இல்லாத நேரத்தில் முடியும். ரூஜ் ஹில் நிலையத்தில் இறங்கினால் ஏரி எதிரிலேயே இருக்கிறது. கரையோரப் பாதையால் கிழக்கே நடந்தால் முகத்துவாரக் கடற்கரைக்கு வந்துவிடலாம். ஒன்பது கிலோ என்று படிக்கும்போது இலேசாகத்தான் தோன்றும். ஆனால் அது முழங்காலில் இடித்துக்கொண்டே வரும் ஒரு பெட்டி. துடுப்பும் உயிர்காப்பு அங்கியும் தண்ணீரும் சேர்ந்தால் பதினைந்து கிலோவாகிவிடும். சிறிய தள்ளுவண்டி ஒன்றை வாங்கிவிடுங்கள், தம்பி.

இந்த மடிப்புக் கயாக் அண்மைக்காலக் கண்டுபிடிப்பு என்று என் மகன் சொல்கிறான். இதைவிடப் பழைய வரலாறு எதுவும் இருக்கிறதா? (மிசிசாகா)

மகன் சொல்வது தகட்டுக்குப் பொருந்தும், மடிப்புக்குப் பொருந்தாது. கயாக் என்பதே வடதுருவப் பகுதி இனுவிற் மக்களின் வள்ளம். கரையொதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் கூடு கட்டி, கடல்நாயின் தோலைப் போர்த்தித் தைத்துக் கடலில் வேட்டையாடினார்கள். அந்தக் கூட்டைக் கழற்றக்கூடியதாக்கும் எண்ணம் மியூனிக்கில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த அல்பிரட் ஹொய்ரிக்குக்கு வந்தது. 1905இல் மூங்கிலும் பாய்த்துணியும் கொண்டு தாம் செய்த கயாக்கில் இசார் ஆற்றில் மியூனிக் வரை அவர் வலித்து வந்தார். அந்த வடிவமைப்பின் உரிமையை 1907இல் வாங்கியவர் வள்ளம் கட்டுபவர் அல்லர். ரோசன்ஹைம் நகரத்துத் தையற்காரரான யொஹான் கிளெப்பர். தோலைத் தைப்பதுதான் இதில் பாதி வேலை என்பதால், அது தையற்காரர் கையில் போய்ச் சேர்ந்தது பொருத்தமே.

அக்காலத்தில் அதைப் பரப்பியது புகையிரதம். கார் இல்லாத நகரத்து மக்கள் விடுமுறை நாளில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றின் மேற்பகுதிக்குப் புகையிரதத்தில் போய், வள்ளத்தைப் பொருத்தி நீரோட்டத்தோடு இறங்கி வந்து, மாலையில் மடித்து எடுத்துக்கொண்டு மீண்டும் புகையிரதம் ஏறினார்கள். மார்க்கம் தம்பி கேட்டதும் இதையேதான்.

அந்த வள்ளங்களில் மனிதர்கள் செய்தவற்றை நினைத்தால் நம்முடைய ரூஜ் பயணத்தைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. பிரான்ஸ் ரோமர் என்ற ஜேர்மானியர் 1928இல் மடிப்புக் கயாக்கில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தார். கடந்த பிறகு, நியூயோர்க்கை நோக்கிப் போகும் வழியில் புயலில் மறைந்துபோனார். மருத்துவரான ஹன்னஸ் லின்டமான் 1956இல் கிளெப்பர் ஏரியஸ் ஒன்றில் கனேரித் தீவுகளிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு 72 நாட்களில் போய்ச் சேர்ந்தார். 1943 செப்ரெம்பரில் நேசநாட்டுப் படையினர் சிலர் மடிப்புக் கயாக்குகளில் இரவோடிரவாகச் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் நுழைந்து, நின்ற கப்பல்களில் வெடிகளை ஒட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

இவர்கள் எல்லாரையும்விட என் மனத்தில் நிற்பவர் ஒஸ்கார் ஸ்பெக். பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த இந்த ஹம்பேர்க் மின்தொழிலாளி, சைப்பிரசின் செப்புச் சுரங்கங்களில் வேலை தேடலாம் என்று 1932 மே மாதத்தில் ஊல்ம் நகரிலிருந்து டன்யூப் ஆற்றில் கயாக்கை இறக்கினார். சைப்பிரசை அடைந்தவர் அங்கே நிற்கவில்லை. சிரியாவுக்குக் கடந்து, யூப்ரடீஸ் ஆற்றால் பாரசீக வளைகுடாவை அடைந்து, கரையோரமாகவே இந்தியாவின் மேற்குக் கரையைத் தொட்டு, 1935இல் இலங்கைக்கு வந்தார். பிறகு இந்தியாவின் கிழக்குக் கரையால் சென்னை, கல்கத்தா என ஏறி, பர்மா, மலாயா, இன்றைய இந்தோனேசியா, நியூகினி வழியாக 1939 செப்ரெம்பரில் அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான சைபாய் தீவில் கரையேறினார். ஏழு ஆண்டுகள், ஏறக்குறைய 50,000 கிலோமீற்றர். அதற்குள் உலகப்போர் தொடங்கிவிட்டதால், எதிரி நாட்டவர் என்று அவரைப் பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். அவருடைய படங்களும் ஆவணங்களும் சிட்னியிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் இலங்கைக் கரையோரமாக வலித்துக்கொண்டு போனபோது, கரைவலை இழுத்துக்கொண்டிருந்த எவராவது நிமிர்ந்து பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

தம்பி, எனக்கு வயது 64. முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்து இரண்டு வருடம் ஆகிறது. மண்டைதீவில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் தண்ணீர்ப் பயம் இல்லை. ஏறுவதும் இறங்குவதும்தான் பயமாக இருக்கிறது. எனக்கு இது ஒத்துவருமா? (ஏஜக்ஸ்)

சத்திரசிகிச்சை செய்த மருத்துவர் முழங்காலை எவ்வளவு மடக்கலாம் என்கிறாரோ அதைத்தான் முதலில் கேட்க வேண்டும், அம்மா. அவர் சம்மதித்தால் ஒத்துவரும். கயாக்கில் கால்கள் முன்னே நீண்டு, முழங்கால் சற்றே உயர்ந்திருக்கும். சம்மணமிட்டு இருப்பதைவிட அது எளிது. மேற்புறம் அகலமாகத் திறந்திருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒடுங்கிய வாயுள்ள கயாக்கில் காலை நுழைக்கப் படும் பாடு உங்களுக்கு வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் ஒரு காலை உள்ளே வைத்து, மற்றக் காலில் நின்றபடி உட்கார முயன்று விழுகிறார்கள். வள்ளத்தைக் கரைக்கு ஒப்பாக, கணுக்காலுக்குச் சற்று மேலான நீரில் நிறுத்தி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு முதுகைக் காட்டி நின்று, நாற்காலியில் இருப்பதைப் போல நேரே இருக்கையில் உட்கார்ந்துவிடுங்கள். கால்கள் இரண்டும் இன்னும் வெளியே, தண்ணீரில்தான் இருக்கும். பிறகு உடலைத் திருப்பிக்கொண்டே ஒவ்வொரு காலாக உள்ளே எடுங்கள். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: முதலில் இரண்டு கால்களும் வெளியே, பாதம் மண்ணில் ஊன்றிய பிறகு எதிரே நிற்பவரின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழுவது. வள்ளத்தின் விளிம்பில் கையூன்றி எழ வேண்டாம். தகட்டு வகையில் அந்த விளிம்பு வளைந்து கொடுத்துவிடும்.

ஊரில் சவள் ஊன்றிய கைக்கு இரண்டு பக்கமும் இலையுள்ள துடுப்பு முதல் நாள் விநோதமாகத் தோன்றும். கைகளால் இழுத்தால் இருபது நிமிடத்தில் தோள் கடுக்கும். வயிற்றிலிருந்து உடலைத் திருப்பி, வலப்பக்கம் வலிக்கும்போது வலத்தோளை முன்னே கொண்டுபோய்த் தொடங்குங்கள்; கை வெறும் கயிற்றைப் போலத் தொடர்ந்து வரட்டும். மடிப்புக் கயாக்குகள் பொதுவாக அகலமானவை என்பதால், 220 அல்லது 230 சென்ரிமீற்றர் நீளத் துடுப்புப் பொருத்தமாக இருக்கும். குட்டைத் துடுப்பால் வலித்தால் ஒவ்வொரு வலிப்புக்கும் மடியில் தண்ணீர் சொட்டும்.

எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். மே மாத இறுதியில் வெப்பநிலை 24 பாகைக்கு வந்துவிடுகிறது. உயிர்காப்பு அங்கியை வள்ளத்துக்குள் வைத்திருந்தால் போதாதா? சட்டம் வேறு என்னென்ன கேட்கிறது? (பிக்கறிங்)

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவில் மனித வலுவால் செலுத்தும் வள்ளத்துக்கு அனுமதி அட்டை தேவையில்லை. ஆனால் ஆளுக்கொன்றாக, உடல் அளவுக்குப் பொருந்தும் அங்கீகரிக்கப்பட்ட உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். 15 மீற்றருக்குக் குறையாத மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்கும் பாத்திரம் அல்லது கைப்பம்பி, ஊதுகுழல் போன்ற ஒலிக்கருவி ஆகியனவும், இருட்டில் போவதானால் விளக்கும் வேண்டும்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 24 பாகை என்பது காற்றின் வெப்பம். ஒன்ராறியோ ஏரி ஆழமானது. குளிர்காலத்துக் குளிரை அது யூன் வரையும் விடாது. மே மாதத்தில் அதற்குள் விழுந்தால், நீந்தத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் தண்ணீர் முதலில் ஒரே விதமாகத்தான் நடத்தும். மனிரோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீரில் உடல் படும் பாட்டை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிறெக்ற் இதை 1, 10, 1 என்று சுருக்கினார். முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் வசத்தில் இராது. வாய் தானாகத் திறந்து காற்றை இழுக்கும், அந்த வேளையில் தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரை. அடுத்த 10 நிமிடம் வரையே கைகால்கள் சொன்னபடி கேட்கும். உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். ஆகவே குளிர்நீரில் பலர் உறைந்து இறப்பதில்லை. அதற்கு வெகுமுன்பே, மூச்சுத் திணறியோ கை விறைத்தோ மூழ்கிவிடுகிறார்கள். வள்ளத்துக்குள் கிடக்கும் அங்கியை விறைத்த விரல்களால், மிதந்துகொண்டே மாட்டிப் பூட்டுவது எப்படி என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கரையில் மாட்டுங்கள், கரையில் கழற்றுங்கள்.

மடிப்புக் கயாக்குக்கே உரிய ஆபத்து இன்னொன்று உண்டு. கண்ணாடியிழைக் கயாக்குகளில் முன்னும் பின்னும் அடைப்புச் சுவர்கள் இருப்பதால், கவிழ்ந்தாலும் இரு முனைகளிலும் காற்று நிற்கும். தகட்டு வகைக்கு அந்தச் சுவர்கள் இல்லை; கவிழ்ந்தால் முழுவதும் நிறைந்து, ஏற முயலும் ஒவ்வொரு தடவையும் சரிந்து கொடுக்கும். முன்னும் பின்னும் செருகி ஊதும் மிதவைப் பைகளைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். யூலை மாதத்து வெதுவெதுப்பான சிறு குளம் ஒன்றில், மார்பளவு நீரில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். அந்த ஒரு பிற்பகல் பத்து எச்சரிக்கைகளுக்குச் சமம்.

காற்றைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் யூன் முதல் வாரத்தில் முகத்துவாரத்திலிருந்து ஏரிக்குள் இறங்கினேன். கரையோரம் தண்ணீர் எண்ணெய் தடவியதைப் போலப் படிந்து கிடந்தது. பத்து நிமிடத்தில் புகையிரதப் பாலம் தீப்பெட்டி அளவாகிவிட்டது. என் வலிப்பு இன்று நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன். திரும்பியபோதுதான் விளங்கிற்று, என்னைக் கொண்டுபோனது வடக்கிலிருந்து அடித்த தரைக்காற்று. மேட்டுக் கரையின் மறைவில் நீர் அசையாமல் கிடந்ததால், காற்று அடிப்பதே கரையில் தெரியவில்லை. ஒன்பது கிலோ வள்ளம் காற்றுக்கு ஒரு சருகு. நான் நேரே வலிக்க வலிக்க அணியம் (வள்ளத்தின் முன்முனை) இடமும் வலமுமாக அலைந்தது, முகத்தில் தண்ணீர் அடித்தது, கரையிலிருந்த சிவப்புக் குப்பைத் தொட்டி ஒன்று நெடுநேரம் ஒரே அளவாகவே தெரிந்தது. பத்து நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஊரில் வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்துப் பழகிய பரம்பரையில் வந்தவன், கைத்தொலைபேசியில் வெயில் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தேன்.

பக்கக் காற்றில் கயாக்கின் அணியம் காற்றை நோக்கித் திரும்பும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓடும் வள்ளத்தின் முன்பகுதியை நீர் இறுகப் பிடித்திருக்கும், பின்பகுதிக்கு அந்தப் பிடி இல்லை. காற்று பின்பகுதியைத் தள்ள, முன்பகுதி திரும்புகிறது. இருக்கைக்குப் பின்னால் நான்கு லீற்றர் தண்ணீர்க் கலம் ஒன்றை வைத்துக் கட்டினால் இது பெருமளவு குறையும். மணிக்கு 15 கிலோமீற்றருக்கு மேல் காற்று என்று முன்னறிவிப்பு இருந்தால் நான் ஏரிப்பக்கம் போவதில்லை. ஆற்றில் மேலேறிச் சதுப்புக்குள் போய்விடுவேன். கொக்குகளுக்கு அங்கே குறைவில்லை.

கயாக்கை ஈரத்தோடு மடித்து வைத்துவிட்டு மூன்று வாரம் கழித்து எடுத்தேன். கரும்புள்ளியும் நாற்றமும். அடியில் சிறிய கிழிசலும் இருக்கிறது. என்ன செய்யலாம்? (ஒஷாவா)

உங்களுடையது தோல் வகை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. சட்டகத்தைக் கழற்றி, தோலை உட்புறம் வெளியே வரத் திருப்பி, மென்மையான சவர்க்கார நீரால் கழுவி, நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். புள்ளி முழுவதும் போகாது; நாற்றம் போகும். வலித்துவிட்டு வந்த அன்றே உலர்த்துவதுதான் இந்தப் பொருளுக்கு உரியவர் கொடுக்க வேண்டிய உண்மையான விலை. நான் குளியல்தொட்டியின் மேல் விரித்து, மடிப்புக்குள் பழைய துவாயைச் செருகி, மின்விசிறியை இரவு முழுவதும் ஓட விடுகிறேன். உலர்த்த ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாத நாளில் நான் வள்ளத்தை எடுப்பதே இல்லை.

ஒன்ராறியோவில் இது சட்டமும்கூட. வள்ளத்தை ஒரு நீர்நிலையிலிருந்து வெளியே கொண்டுபோகும் முன் நீரை வடித்து, ஒட்டியிருக்கும் செடிகொடிகளையும் உயிரினங்களையும் நீக்க வேண்டும் என்ற விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கப்பல்களின் அடிநீரோடு வந்து 1980களின் கடைசியில் பேரேரிகளில் பெருகிய வரிக்குதிரை மட்டியே இதற்கு முக்கிய காரணம். உங்கள் கிழிசலுக்கும் அதன் ஓடே காரணமாக இருக்கலாம். கரையில் குவிந்து கிடக்கும் அந்த ஓடுகள் சவர அலகைப் போன்றவை. வள்ளத்தை மண்ணில் இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

கிழிசலைச் சுற்றி மதுசாரத்தால் துடைத்து, எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் மிகையாக, வட்டமாக வெட்டிய ஒட்டை அதற்குரிய பசையால் ஒட்டுங்கள். ஒட்டுக்கு மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியும். தகட்டு வகை வைத்திருப்பவர்கள் பசையில் காசைக் கரைக்க வேண்டாம். பொலிப்புரொப்பிலீனில் சாதாரணப் பசைகள் ஒட்டா. நீர்புகா ஒட்டுநாடாவே அதற்குக் கைகொடுக்கும். அலுமினியச் சட்டகம் உள்ளவர்கள் உப்பு நீரில் போய்வந்தால் அன்றே எல்லா மூட்டுகளையும் கழற்றி நன்னீரில் அலச வேண்டும். ஒரு வாரம் விட்டால் குழாய்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, அடித்தாலும் பிரியா.

வரும் கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறோம். கயாக்கை விமானத்தில் கொண்டுபோய்க் களப்பில் வலிக்க ஆசை. முடியுமா? (பிரம்ரன்)

விமானப் பொதியில் எடையை மட்டும் பார்க்காதீர்கள். பெரும்பாலான விமானச் சேவைகள் ஒரு பொதிக்கு 23 கிலோவும், நீள அகல உயரங்களின் கூட்டாக 158 சென்ரிமீற்றரும் என்று எல்லை வைத்திருக்கின்றன. என் தகட்டுப் பெட்டி 23 கிலோவில் பாதிக்கும் குறைவானது, ஆனால் மூன்று பக்கங்களையும் கூட்டினால் 180 வருகிறது. மிகைப் பொதிக் கட்டணம் கட்டித்தான் ஏற்ற வேண்டும். தோல் வகை எடை கூடியதாக இருந்தாலும், குழாய்களை ஒரு பையிலும் தோலை இன்னொரு பையிலுமாகப் பிரித்து எல்லைக்குள் கொண்டுவரலாம்.

கோடை விடுமுறை என்பது இங்கே கோடை. அங்கே அது சோளகக் காலம். மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றுக்கு நடுவில், களப்பின் திறந்த பகுதியில் இலேசான கயாக்கோடு இறங்குவதை நான் சம்மதிக்கமாட்டேன். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரலில் போனால் நீர் அமைதியாக இருக்கும். களப்பு பல இடங்களில் ஆழமற்றது. வற்று நேரத்தில் துடுப்பு நீரைவிடச் சுரியைத்தான் கிண்டும். கம்புகள் நட்டு வலை கட்டிய களங்கண்டிகள் எங்கும் இருக்கும். அவற்றைத் துடுப்பால் தட்டிவிட்டால் ஒருவருடைய அன்றாட உழைப்பைக் கெடுத்தவர் ஆவீர்கள். ஆகவே அவ்வூர்க் கடற்றொழிலாளர் சங்கத்திடமும் கடற்படையினரிடமும் முதல் நாளே போய்ச் சொல்லி, எதுவரை போகலாம் என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

மூன்று வார விடுமுறையில் இரண்டு தடவை வலிப்பதற்காக இவ்வளவையும் சுமப்பதைவிட, உள்ளூர் வள்ளக்காரர் ஒருவருக்குக் காசு கொடுத்து அவரோடு போவதே நல்லது என்பேன். அப்படியும் கொண்டுபோகத்தான் போகிறீர்கள் என்றால், தங்கும் வீட்டுக் கிணற்று நீரை முதலில் வாயில் விட்டுப் பாருங்கள். தீவுப் பக்கத்துக் கிணறுகள் பல உவரானவை; அந்த நீரில் கயாக்கைக் கழுவினால் மூட்டுகளுக்கு அது கழுவாததற்குச் சமம்.